மோட்டாரை மாற்றினால் கிணறு ஊறுமா?

போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். மாணவன் என்றாலும் அவனுக்கே நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மரவள்ளி போடுகிறான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்காக, நாலு வருடம் முன்பு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கியிருந்தான். அது இப்போது திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறதாம். பெட்டியை பஸ்ஸில் ஏற்றி மலையிறங்கி, ஒரு கடையில் காட்டிவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"சார், ப்ராசசர் மாத்தணுமாம். 24,000 ஆகும்ங்கறாங்க. மாத்தலாமா?"

மாற்றவே கூடாது என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன்காரர்கள் வீட்டிலெல்லாம் இந்த வயதுப் பெட்டி ஒன்று கிடக்கிறது, எல்லோருக்கும் இதே ஆலோசனைதான் கிடைக்கிறது.

நம் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஊற்று இல்லாத கிணற்றில் 5 எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு 7.5 எச்.பி. வைத்தால் தண்ணீர் கூடாது, காற்றைத்தான் இழுக்கும். கம்ப்யூட்டரில் ப்ராசசர் அந்த மோட்டார் மாதிரி. ஊற்று எது? உள்ளே தட்டு சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்க். அது ஒரு நொடியில் நூறு, நூற்றைம்பது இடங்களில் தேடி எடுத்துக் கொடுத்தாலே பெரிது. அதே வேலையை எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் செய்யும். டிஸ்க் கொடுக்கும் வரை ப்ராசசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருப்பவனை மாற்றிவிட்டு இன்னொருவனைச் சும்மா உட்கார வைக்க 24,000 ரூபாயா?

என் பேச்சை நம்ப வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று சதவீதம் ஓடும். அவன் பெட்டியை என் மேஜையில் வைத்துப் பார்த்தோம். டிஸ்க் 100-ல் நிற்கிறது, சி.பி.யு. 12-க்கு மேல் ஏறவில்லை. கடையில் இதை அரை நிமிடம் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று. அது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 2013-14 காலத்துச் சரக்கு. அந்த மதர்போர்டில் புதுத் தலைமுறைச் சிப் உட்காராது. ஆகவே புது ப்ராசசர் என்றால் மதர்போர்டு, ராம் எல்லாம் புதிது. பல்லைப் பிடுங்கப் போனவனுக்குத் தாடையையே மாற்றுகிற கதை. அதே போர்டில் பொருந்துகிற பழைய ஐ7 ஒன்றைத் தேடிப் போடலாம்தான். போட்டாலும் விண்டோஸ் 11 வராது.

கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கும் ஒரே இடம் இந்த விண்டோஸ் விவகாரம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காத கணினியில் பேங்க் வேலை பார்ப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருவண்ணாமலை தீபத்துக்குப் போவது போல. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. அப்புறம்? விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 2017-ல் புத்தம் புதிதாக விற்ற ஏழாம் தலைமுறையில்கூட ஒரு சில சிப்புகளுக்குத்தான் அனுமதி. 2021-ல் இந்த நிபந்தனை வந்தபோது அவற்றுக்கு வயது நாலு! நாலு வயதில் ஒரு மாட்டைக் கிழடு என்று சந்தையில் சொல்லிப் பாருங்கள், தெரியும். இயந்திரம் கெடவில்லை, கெட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாமும் தலையாட்டுகிறோம்.

வேறு வழி இருப்பது நம் ஊருக்குத் தெரியாததும் அல்ல. 2011-ல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, சென்னையில். என் பள்ளிப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய நானும் பார்க்கவில்லை. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகுதான் லினக்ஸ் மின்ட் பழகினேன். இந்தக் கட்டுரையை அதில்தான், தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். காசு கிடையாது. என் பழைய பிரிண்டரை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் அடம் பிடித்தது, அதையும் மறைக்கவில்லை.

வீடியோ எடிட்டிங் செய்பவர், கட்டட வரைபடம் போடுபவர், டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. 100-ல் நிற்பதைப் பார்த்தவர் தாராளமாக மாற்றட்டும். வினாத்தாள் பி.டி.எஃப். படிக்கிற பெண்ணுக்கு அது எதற்கு?

256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, பழைய ராம் 4 ஜி.பி. ஒன்று. இரண்டும் சேர்ந்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. அவள் பாடக்குறிப்புகளையெல்லாம் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் மாட்டி மின்ட்டும் ஏற்றிவிட்டோம். கடைசி பஸ் போய்விட்டதால் அவன் ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினான். மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் போன் பண்ணினாள்.

"தாத்தா, பட்டனை அமுக்கிட்டு டீ போடப் போவேன். இப்போ அடுப்பு பத்த வைக்கறதுக்குள்ள வந்துடுது."