ஈவலுக்கு இனி விடை கொடுங்கள்

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தைக் கரி எவ்வளவு உறிஞ்சும் என்பது பாலாற்றங்கரைக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் இங்கே கிணற்று நீர் பற்றிய கேள்வி ஓயவில்லை. அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை இந்தக் கரிக் கணக்கை ப்ராஜெக்டாக எடுப்பவர்களின் மேட்லாப் நிரல்களில் இந்தப் பருவத்திலும் அதே ஈவல் வரி வந்து நிற்பது எரிச்சலூட்டுகிறது. கரியின் உறிஞ்சலை விவரிக்கும் லாங்மியூர், ஃப்ராய்ண்ட்லிச் சமன்பாடுகளுக்கு எண் போட்ட பெயர்களில் ஃபங்ஷன் எழுதுகிறார்கள். லூப்புக்குள் பெயரையும் எண்ணையும் ஒட்டி, அந்த ஸ்ட்ரிங்கை, அதை நிரலாகவே ஓட்டும் ஈவலிடம் கொடுக்கிறார்கள். பத்து வரியை ஒரு வரியாக்கிய கெட்டிக்காரத்தனம் என்று இதற்குப் பெயர். கெட்டிக்காரத்தனம் இதில் கடுகளவும் இல்லை.

மடக்கை வடிவ மாதிரிகளுக்கு லாக்1, லாக்2, லாக்3 என்று பெயர் வைத்ததாகக் கொள்வோம். மேட்லாபிலேயே லாக்2 உண்டு; 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை அது. நாம் எழுதிய லாக்2 வேறு ஃபோல்டரில் தங்கிவிட்டால், உள்ளீடு செறிவு ஒன்று மட்டுமாக இருக்கும்போது பிழைச்செய்தி வராது. மேட்லாபின் லாக்2 ஓடும், எண் வரும், கிராஃப் வரும், ரிப்போர்ட்டும் பைண்டாகிவிடும். ஈவலுக்குப் பதில், ஃபங்ஷனை நேராகச் சுட்டும் ஹேண்டிலில் லாக்2 என்று எழுதினாலும் இதே கதிதானே என்பார்கள். ஆமாம், ஆனால் ஹேண்டில்களை ஒரு செல் அரேயில் அடுக்கினால் பெயரில் எண்ணே தேவையில்லை. லாங்மியூரை லாங்மியூர் என்றே அழைக்கலாம். லாக்2 போன்ற பெயரை நம்மிடம் திணிப்பதே இந்த ஒட்டுவேலைதான். ஹேண்டில் நேற்று வந்ததும் அல்ல, 2000இல் வந்த மேட்லாப் 6இலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் இப்போது வேகமானது, தாமதம் தெரியாது என்பது அடுத்த வாதம். உறிஞ்சலைக் காலப்போக்கில் கணக்கிட எடுக்கும் நான்காம் படி ருங்கே–குட்டா முறை ஒவ்வொரு அடிக்கும் ஃபங்ஷனை நான்கு முறை அழைக்கிறது. பத்து லட்சம் அடிக்கு நாற்பது லட்சம் அழைப்பு. அத்தனை முறையும் ஸ்ட்ரிங்கைப் பிரித்துப் படிக்கச் சொல்வதற்கு என்ன நியாயம்? மாதிரியின் பெயர் வெளிக்கோப்பிலிருந்து வருகிறதே என்றால், லூப் தொடங்குமுன் ஒரே ஒருமுறை ஸ்ட்ர்2ஃபங்க் கொண்டு ஹேண்டிலாக்கிக்கொள்ளலாம். அனுமதித்த பெயர்களை ஸ்விட்சில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. லாக்2 அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஃபங்ஷனை அழைக்கும் ஃபெவலையும் ஈவலோடு சேர்த்துத் திட்ட வேண்டியதில்லை, ஹேண்டிலைக் கொடுத்தால் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. லூப்பைப் பல கோர்களுக்குப் பகிரும் பார்ஃபாரோ தனக்குள் நேராக எழுதிய ஈவலை ஏற்பதே இல்லை.

ஃபங்ஷனோடு இந்த வியாதி நிற்பதுமில்லை. கிணறு1, கிணறு2 என்று வேரியபிள்களையும் ஈவலாலேயே உண்டாக்குகிறார்கள். ஒரு மேட்ரிக்ஸின் வரிசைகள் எதற்கு இருக்கின்றன? ரெக்கார்டில் கிராஃப் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆசிரியர்கள் கையெழுத்திடும் வழக்கம்தான் இதை வளர்க்கிறது. நிரலைத் திறந்து, அதில் லாங்மியூர் எந்த வரியில் அழைக்கப்படுகிறது என்று வைவாவில் ஒரு கேள்வி கேட்கட்டும். ஈவலுக்குள் ஒட்டிய பெயரை எந்தத் தேடலும் காட்டித் தராது. மாணவர் அங்கே விரலை வைக்க முடியாது. அவர் கண்டுபிடித்த குரோமிய அளவுக்கும், அந்த வரியைக் காட்டும்வரை மதிப்பெண் தரக்கூடாது.