அக்காவின் வேலையைக் காப்பாற்றிய ஒரு மீட்டர் ஒயர்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். சின்னமனூரிலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தார்.

"தம்பி, நம்ம டெஸ்க்டாப்புல வைஃபை சரியா எடுக்க மாட்டேங்குது. உள்ள மாட்டுற கார்டு நல்லதா, வெளிய சொருகுற டாங்கிள் நல்லதா? ஒரே வார்த்தையில சொல்லு, நாளைக்கே வாங்கணும்."

அக்காவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கோவையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ மீட்டிங். இரண்டு வாரமாக, பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகிறது, முகம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா ஆபீசுக்கே வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பையன் பத்தாம் வகுப்பு. இந்த நிலையில் அக்கா எங்கே கோவைக்குப் போவது?

அக்காவிடம் ஏற்கெனவே விரல் நகம் அளவுக்கு ஒரு டாங்கிள் இருந்தது. கடையில் கேட்டதற்கு, "அது சின்ன ஐட்டம்க்கா, உள்ள கார்டு மாட்டிருங்க, ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்களாம். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் காசைக் கையிலயே வச்சிருக்கா, நான் வந்து பாக்குறேன்" என்று சொன்னேன்.

இது அக்கா ஒருவருடைய கேள்வி இல்லை. தேனி, கம்பம் பக்கம் இன்றும் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் டெஸ்க்டாப்தான் குடும்பக் கணினி. போடியில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் வந்துவிட்டது. ஆனால் இணைப்பு கொடுக்க வருகிறவர், ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், பெரும்பாலும் டி.வி.க்குப் பக்கத்தில், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். டெஸ்க்டாப் இருப்பதோ உள் அறையில். நடுவில் சுவர், பீரோ, ஃபிரிட்ஜ். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பைசா செலவில்லாத சோதனை

கார்டா, டாங்கிளா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் அதன் சார்ஜர் ஒயரும் போதும்.

போனை வீட்டு வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். போனை ஒயர் வழியாக டெஸ்க்டாப்பில் சொருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். இப்போது உங்கள் போனே ஒரு வைஃபை டாங்கிள்! டெஸ்க்டாப்புக்கு இணையம் வந்துவிடும். ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ஒயரில் இது வேலை செய்யாது.)

கால் அறுபடாமல் ஓடினால், அந்த அறைவரை சிக்னல் வருகிறது, நல்ல அடாப்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று அர்த்தம். அதிலும் தடுமாறினால் எந்தக் கார்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. ரவுட்டரை இடம் மாற்ற வேண்டும், அல்லது இணைப்பிலேயே கோளாறு.

அக்கா வீட்டில் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்தேன். போனை மேஜைமேல் வைத்தபோது வீடியோ கால் பளிச்சென்று ஓடியது. அதே போனை மேஜைக்கு அடியில், சி.பி.யு.வுக்குப் பின்னால், சுவரோரம் வைத்தேன். இரண்டே நிமிடத்தில் முகம் உறைந்தது. அக்காவின் டாங்கிள் இத்தனை நாளாக இருந்தது அந்த இடத்தில்தான்!

டாங்கிள்: நல்லதும் கெட்டதும்

டாங்கிளின் பெரிய வசதி, சொருகினால் முடிந்தது. சி.பி.யு.வைக் கழற்ற வேண்டாம். வேறு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது.

ஆனால், நகம் அளவு டாங்கிளுக்குள் இருக்கும் ஆன்டெனாவும் அதைவிடச் சின்னதுதான். அதை சி.பி.யு.வின் பின்பக்கம் சொருகினால் ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் சுவர். சிக்னல் வர வழியே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சி.பி.யு.வில் நீல நிறத்தில் இருக்கும் யு.எஸ்.பி. 3.0 ஓட்டைகள், வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. விலை குறைந்த டாங்கிள்கள் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். இதை 2012-ல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நீல ஓட்டையில் ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சொருகி, பக்கத்திலேயே டாங்கிளையும் வைத்தால் சந்தைக்கடை நடுவில் நின்று ரகசியம் பேசுவதுபோல்தான். அதனால் சின்ன டாங்கிளுக்குக் கறுப்பு நிற ஓட்டைதான் நல்லது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ரவுட்டர் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. 5-ல் வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். டூயல் பேண்ட் இல்லாத டாங்கிளுக்கு இரண்டாவது பெயர் கண்ணுக்கே தெரியாது. வைஃபை பெயரில் வரும் அந்த '5ஜி'க்கும் செல்போன் 5ஜி-க்கும் சம்பந்தமில்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே மாட்டும் கார்டு: யாருக்கு நல்லது?

கார்டு மதர்போர்டில் நேரடியாக உட்காருகிறது. ஆன்டெனா பெரியது, வேகமும் அதிகம். பெரும்பாலான கார்டுகளில் ப்ளூடூத்தும் சேர்ந்தே வரும். பெரிய வீடியோ ஃபைல்களை ஏற்றி இறக்குபவர்கள், கேம் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதுதான் சரி.

வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறதா? இரண்டு, ஒல்லியான சி.பி.யு. என்றால் அதற்கேற்ற குட்டைத் தகடு பெட்டியில் தருகிறார்களா? மூன்று, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா? பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் புதிய வைஃபை 6 கார்டை வாங்கினால் ஏமாற்றம்தான். நான்கு, வாரன்டி இருக்கும்போது சி.பி.யு.வைத் திறக்கலாமா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

கடையில் மாட்டித் தந்தால், கார்டிலிருந்து மதர்போர்டின் யு.எஸ்.பி. முனைக்குப் போகும் சின்ன ஒயரையும் இணைத்தார்களா என்று கேளுங்கள். அதை மறந்தால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது.

முக்கியமாக ஒன்று. கார்டின் ஆன்டெனாவையும் சி.பி.யு.வின் முதுகில்தான் திருகுகிறோம். டாங்கிளுக்கு வந்த அதே இரும்பு, சுவர் பிரச்னை இதற்கும் வரும். அதனால் ஒயருடன், மேஜைமேல் தனியாக வைக்கக்கூடிய ஆன்டெனா உள்ள கார்டாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, கடைக்குப் போகும் முன் சி.பி.யு.வின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். தங்க நிறத்தில் இரண்டு சின்னத் திருகு முனைகள் இருந்தால் உங்கள் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது என்று அர்த்தம். அதற்கான ஆன்டெனா, வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் பரண்மேல் தூங்கிக்கொண்டிருக்கலாம்!

அக்கா வீட்டில் என்ன செய்தேன்?

கார்டு வாங்கவில்லை. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கினேன். கறுப்பு ஓட்டையில் அதைச் சொருகி, மறுமுனையில் பழைய டாங்கிளை மாட்டி, மேஜைக்கு மேலே இருந்த மரப்பலகையில் ரவுட்டரைப் பார்த்தபடி ஒட்டிவைத்தேன். அவ்வளவுதான்.

வீடியோ மீட்டிங்குக்கு நொடிக்கு நான்கைந்து மெகாபிட் சீராக வந்தாலே போதும். வேகம் அல்ல, அறுபடாமல் வருவதுதான் முக்கியம். அதற்கு அந்தச் சின்ன டாங்கிளே தாராளம். நாளைக்கு அக்கா பெரிய ஃபைல்களை அனுப்பும் வேலைக்கு மாறினால், அன்றைக்குக் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் இரண்டுமே வேண்டாம், லேன் ஒயர் போட்டுவிடுங்கள். அதைவிட நிலையானது எதுவும் இல்லை. மீட்டிங், ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம் போடுவது என்றால் டூயல் பேண்ட் டாங்கிளும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் போதும். அதிக வேகம் வேண்டும், கணினியையும் இடம் மாற்றப்போவதில்லை என்றால் கார்டு. எதை வாங்கினாலும் ஆன்டெனா இரும்புக்குப் பின்னால் ஒளியக் கூடாது.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன். "மீட்டிங் முடிஞ்சுச்சு தம்பி. ஒரு தடவகூட கட் ஆகல." பின்னாலிருந்து பெரியம்மா குரல் கேட்டது: "இத்தனூண்டு ஒயருக்கா அவன மதுரையிலருந்து வரச் சொன்ன?"

நான் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கையால் சாப்பிட்ட கறிக்குழம்புக்கு அந்தப் பயணம் தகும்.