இரண்டு வருடக் கெடு

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் எரசமா பகுதிக்குள் கடல் புகுந்தது. சூப்பர் புயல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர் ஊர்களை மூழ்கடித்தது. மாநிலத்தில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு சில டஜன்களோடு நின்றது. நிர்வாகம் விழித்துக்கொண்டதும், புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் பெருகியதும் முக்கியக் காரணங்கள். முன்னறிவிப்பு மேம்பட்டது இன்னொன்று.

அந்த முன்னறிவிப்புக்குப் பின்னால் இருப்பது கணினி மாதிரி. கடலையும் கரையையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்றின் வேகம், காற்றழுத்தம், கடலின் ஏற்ற இறக்கம், கடலடி ஆழம் எல்லாவற்றையும் கொடுத்தால், எங்கே எத்தனை மீட்டர் தண்ணீர் ஏறும் என்று அது கணக்கிடும். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதைச் செய்துவருகிறது. ஆனால் கரையோர ஆழம் தவறினால் விடையும் தவறும். முகத்துவாரங்களிலோ மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

டாக்டர் பட்டம் முடித்த இளம் விஞ்ஞானிகளுக்கு இது பொருத்தமான களம். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், ஐ.ஐ.டி.கள் என்று கதவுகளும் உண்டு. சிக்கல் காலக்கெடுவில்தான். இவர்களுக்கான தேசிய உதவித்தொகையின் காலம் இரண்டே வருடம். வங்கக் கடலில் வருடத்துக்கு இரண்டு புயல் பருவங்கள்; ஆக, மொத்தம் நான்கு. ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்த கரைக்கு அதற்குள் புயல் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாதிரி உருவாகும், உண்மையான புயலில் சோதிக்கப்படுவதற்குள் அதை உருவாக்கியவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

கரையின் கணக்கு வேறு. நாட்டின் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்று சொல்ல, சென்னை மையத்துக்கு 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்கள் தேவைப்பட்டன. ஒடிசாவின் சதபாயா கிராமங்களைக் கடல் ஒரே நாளில் விழுங்கிவிடவில்லை, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஐந்து வருட நியமனமும், சேகரித்த அளவீடுகளை அடுத்து வருபவரிடம் முறையாக ஒப்படைக்கும் ஏற்பாடும் பெரிய செலவல்ல. உதவித்தொகை முடியும் தேதி பார்த்துப் புயல் கிளம்புவதில்லை.