கரகரப்புக்கு வந்த வாழ்வு

ஒரு பொருள் யாருக்குப் பயன்படும் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாமல் போவதுண்டு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். 1951இல் எலக்ட்ரிக் பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மந்த்ர ஸ்தாயியில் உறுமும் அந்த வாத்தியத்துக்கென்றே 1952இல் ‘பேஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். முதலில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பிறகு 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. பேஸ் வாசித்தவர்களுக்கு முழுத் திருப்தி இல்லை. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. கிடார்காரர்களோ அந்தக் கரகரப்புக்காகவே அதைத் தேடி வந்தார்கள். ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது இன்னொரு வேடிக்கை.

காரணம் எளிமையானது. பேஸின் கனத்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கிடாரின் கனத்த தந்தி 82 முறை. சுருதி இறங்க இறங்க, தெளிவாக ஒலிக்க அதிக சக்தி வேண்டும். பேஸ்மேனின் சுமார் 40 வாட் அதற்குப் போதவில்லை. கிடாருக்கோ அது தாராளம். மேலும், வால்வு ஆம்ப்ளிஃபயர் திணறும்போது ஒலி வெட்டுப்பட்டுப் போவதில்லை. மழுங்கி, புதிய உபஸ்வரங்களைச் சேர்த்துக்கொள்கிறது. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல். வித்வானின் விரல் அழுத்தத்தை ஒரு மரப்பெட்டி புரிந்துகொள்கிறது என்றே சொல்லலாம். மாண்டலினை மின்சாரத்தோடு கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த யு. ஸ்ரீநிவாஸைக் கேட்டவர்களுக்கு, இப்படி இடம் மாறிய கருவிகள் அந்நியமல்ல.

லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவரது ஆட்களும் 1962இல் பேஸ்மேனின் சர்க்யூட்டை அப்படியே எடுத்து, பிரிட்டிஷ் உதிரிபாகங்களைப் போட்டு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். ராக் இசையின் கர்ஜனை என்று உலகம் இன்று அடையாளம் காணும் மார்ஷல் ஒலியின் பூர்வீகம், பேஸ் கிடாருக்காகச் செய்த பெட்டிதான். 1990இல் ஃபெண்டர் நிறுவனமே 1959ஆம் வருட மாடலை மறுபடி தயாரித்தது. நாடி வந்தவர்கள் கிடார்காரர்கள். பெயர் மட்டும் பேஸ்மேன்.

இந்தச் சரித்திரத்தை எழுதத் தூண்டியது புனேயின் போபோடி. முளா ஆற்றங்கரையில், 1869இல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பேட்டை. தாத்தா காலத்தில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன், பழைய அமெரிக்க பேஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவந்து, பிளக்கை எங்கே செருகுவது என்று தேடிக்கொண்டிருந்தான். சங்கீதத்தை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அமெரிக்க மின்சாரம் சுமார் 120 வோல்ட், நம்முடையது 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். அதைவிட மோசம், அந்தக் காலத்து இரண்டு பின் பிளக். எர்த் கிடையாது. உள்ளே ஏதாவது பழுதென்றால் மின்சாரம் ஒயர் வழியே கிடாரின் உலோகத் தந்திக்கு வரும்; தந்தியில் வாசிப்பவரின் விரல். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ மேடையில் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். பழைய பெட்டிக்கு மூன்று பின் பிளக் மாட்டி, முறையாக எர்த் கொடுப்பதுதான் முதல் வேலை. டோன், ட்யூன் எல்லாம் பிறகு.

இன்னும் இரண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டக்கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரோடு ஆர்வக்கோளாறு வேண்டாம். வால்வு ரேடியோ பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பது உத்தமம். 1961லிருந்து பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரித்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இப்போது விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும்.

வால்வு இல்லாத இன்றைய டிரான்சிஸ்டர் பேஸ் ஆம்ப்ளிஃபயரிலும் கிடார் வாசிக்கலாம். ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆபத்தில்லை. சிறிய கிடார் ஆம்ப்ளிஃபயரில் பேஸை வைத்து முழுச் சத்தத்தில் முழங்கினால்தான் ஸ்பீக்கரின் காகிதம் கிழியும்.