மோட்டார் ஓடினால் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

"மோட்டார் நல்லாத்தானுங்க ஓடுது, அப்புறம் எதுக்கு வயரை நோண்டறது?" காங்கேயம் பக்கம் அரிசி ஆலை, தேங்காய்க் களம், எண்ணெய் மில் எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். விமானத் துறையும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தது.

1996 ஜூலை 17. நியூயார்க்கில் இருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வானிலேயே வெடித்தது. இருந்த 230 பேரும் பலி. அந்த போயிங் 747-க்கு வயது 25. எரிபொருள் டேங்கில் இருந்த ஆவி பற்றிக்கொண்டது. டேங்குக்கு வெளியே ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட், எரிபொருள் அளவு காட்டும் வயர் வழியாக உள்ளே போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றது விசாரணை.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

ஒரு 747-ல் 200 கி.மீ.க்கும் அதிகமான வயர் ஓடுகிறது. அதிர்வு, சூடு, ஈரம் எல்லாம் சேர்ந்து மேலுறையில் விரிசல் விடும். தரையில் சோதித்தால் எல்லாம் சரி. பறக்கும்போது அதிர்வில் ஒரு நொடி உரசி, பொறி தட்டி, விலகிவிடும். அந்த நேரத்துக்குள் சாதாரண பிரேக்கர் 'ட்ரிப்' ஆகாது.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருமே, அதுதான் ஒரு வழி. வயருக்குள் மின்துடிப்பை அனுப்பினால், பழுதான இடத்தில் பட்டுத் திரும்பும். பெரும்பாலான கேபிள்களில் துடிப்பு நானோ வினாடிக்குச் சுமார் 20 செ.மீ. போகும். 100 நானோ வினாடியில் திரும்பினால், பழுது சுமார் 10 மீட்டரில். ஆனால் மெல்லிய விரிசலுக்கு எதிரொலியும் மெல்லியது. அதனால் கண்ணால் பார்ப்பதும், தூசியைத் துடைப்பதும் இன்றும் தேவை. 2007-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், வயரிங்கையே தனி அமைப்பாகக் கருதிப் பராமரிக்கச் சொல்லி விதி கொண்டுவந்தது.

நம்ம ஊருக்கு என்ன?

காங்கேயத்தில் இருந்து கோவை போகும் அதே நெடுஞ்சாலையில்தான் சூலூர் இருக்கிறது. விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனை அங்கே உண்டு. விமானத்துக்குப் பரிசோதனைத் தேதி குறிக்கிறோம். இருபது, முப்பது வருட ஆலை வயருக்கு யாரும் குறிப்பதில்லை. அங்கே எலி கடிக்கிறது, உமித்தூசி படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது.

லைனை நிறுத்திவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒருமுறை மெக்கர் போடச் சொல்லுங்கள். 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் அந்த வயரை நம்பாதீர்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கருகல் வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம். ஓடுகிறது என்பது இன்றைய நிலவரம் மட்டுமே. நாளைக்கு உத்தரவாதம் அல்ல.