வீட்டோடு வரும் விருந்தாளி



படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராய் ஓடும் ஊர்திகள் மேலைநாடுகளில் ஏராளம். ஓய்வு பெற்ற தம்பதியர் அவற்றில் ஏறி, மாதக்கணக்கில் பழைய நண்பர்களைக் கண்டு வருகின்றனர். அண்டை மாநிலமாகிய கேரளத்திலும், இத்தகைய ஊர்திச் சுற்றுலாவுக்கென அரசே 2021-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை அறிவித்தது. இதைப் புதுமை என்று வியப்போர் உண்டு. தமிழருக்கு இது புதுமையன்று.

சங்க காலத்து உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை நம் கண்முன் நிறுத்துகிறது. கோழி அடையும் சிறு குடில், கயிற்றால் பிணித்த காடிக் கலம், சின்னஞ்சிறு உரல், மகவோடு அமர்ந்து எருதுகளை ஓட்டும் தாய்! வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று அடியில் 'சேம அச்சு' ஒன்றையும் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் குறிக்கிறார். நம் ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்பதற்குச் சேமம் என்ற சொல் எவ்வளவு பொருத்தம்!

பேருந்துகள் பெருகுமுன், மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்தார் கூண்டு வண்டி கட்டியே வந்தனர். மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம். அடியில் ஆடும் அரிக்கேன் விளக்கு. வைகை மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே வீடு. திருவிழா ஒரு காரணம். பட்டணத்தில் குடியேறிவிட்ட பழைய சிநேகிதரைக் காண்பது மற்றொரு காரணம்.

என் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய வேன் ஒன்றில் பலகைக் கட்டிலும் சிறு அடுப்பும் அமைத்து, மேலூர், மதுரை, திருமங்கலம் என்று நண்பர்களைக் காண மனைவியோடு புறப்பட ஆயத்தமாயிருக்கிறார். ஆசிரியப் பயிற்சியில் உடன் படித்தவர்களின் பட்டியலை என்னிடம் காட்டினார். ஒன்பது பெயர்கள், நான்கின் எதிரே சிலுவைக் குறி.

"சாமி, எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் வீட்டு அம்மாமாருக்கு முழங்கால் வலி. போய்ச் சமைக்க வைத்துத் தொல்லை கொடுக்கலாமா? வாசலில் வண்டியை நிறுத்தி, அதிலேயே உண்டு உறங்கிவிட்டால் என்ன?" என்று கேட்டார்.

கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆயினும் முழுவதும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உறக்கம் வண்டியில் இருக்கட்டும். முதுமையில் அவரவர் படுக்கையே அவரவர்க்குச் சுகம். உணவு மட்டும் வாசலில் வேண்டாம். நண்பன் தன் வீட்டு வாசலில் தனியே உண்டு எழுவதைக் கண்டு பொறுக்கும் மனம் நம் நாட்டில் எவருக்கு உண்டு? வள்ளுவர் 'பழைமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, நெடுநாள் நண்பர் கேளாமலே உரிமையோடு செய்வதை மெச்சுகிறார். ஆகவே வண்டியிலுள்ள அரிசியையும் காய்கறியையும் எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் நுழையுங்கள். "நீங்கள் உட்காருங்கள் அக்கா, நான் வடிக்கிறேன்" என்று உங்கள் துணைவியார் சொல்லட்டும். மரியன்னை முதிய எலிசபெத்தம்மாளை வாழ்த்திவிட்டு உடனே திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் அவ்வீட்டிலேயே தங்கினார்.

மற்றவை சில்லறைக் காரியங்கள். மாசி வீதிகளின் நெரிசலுக்குள் வேனைக் கொண்டுபோகாதீர்கள். நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் செல்லுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் உறங்க இயலாது. தை மாதமே உகந்தது என்று சொல்ல நினைத்தேன்.

ஆனால் அந்தப் பட்டியல் என்னை உறுத்துகிறது. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டவர்கள். சோழன் உண்ணாது வடக்கிருந்தபோது, தன் அருகே அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான், புலவரும் வந்தார். அத்தனை காலம் கழித்து, அந்த வேளையில்தான் அப்பயணம் நிகழ்ந்தது.

திருமங்கலத்து நண்பர் மூன்று மாதமாய்ப் படுக்கையில் இருக்கிறார் என்று ஆசிரியர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்படியானால் தை மாதம் வரை காத்திருக்க வேண்டாம். மேலூரும் மதுரையும் திரும்பும்போது இருக்கட்டும். வண்டி முதலில் திருமங்கலத்துக்குப் போகட்டும்.