வேலை போனாலும் அறை போகக் கூடாது

2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த இளம்பெண்கள், ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரித்தவர்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நெரிசலான அறைகளில் தரையில் படுத்துக் காலம் தள்ளிய கதைகள் அப்போதுதான் வெளியே வந்தன. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் யாரும் எளிதில் வாய் திறக்க மாட்டார்கள். சோறு சரியில்லை என்று சொல்லி வேலை போனால், அன்றைக்கே பெட்டியையும் கட்ட வேண்டியதுதான்.

தமிழக அரசு கைகட்டி நிற்கவில்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஒருவருக்கு நான்கு லட்சம் ரூபாய்கூட ஆகவில்லை. பாராட்ட வேண்டிய வேலை இது. ஆனால் அதுவும் ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கானது. வேலையையும் படுக்கையையும் பிணைத்த பழைய முடிச்சு அவிழவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகள் வேறு வகை. செவிலியரோ, ஜவுளிக்கடை ஊழியரோ, ஐ.டி. பணியாளரோ, யாரிடம் வேலை செய்தாலும் அங்கே தங்கலாம். முதலாளியை மாற்றினாலும் அறையை மாற்ற வேண்டியதில்லை. பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்காக மக்கள் வரிப்பணத்தில் ஏன் விடுதி கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொழிற்பேட்டையில் மனை ஒதுக்கும்போதே நிறுவனத்திடம் பங்குத்தொகை வாங்கலாம். சாவி மட்டும் அரசிடம் இருக்கட்டும். தனியார் விடுதிகளே போதும் என்ற வாதம் அவ்வளவு வலுவானதல்ல. மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதி வாடகைக்கு, 90 நாளாவது தங்கினால் 2024-ல் ஜி.எஸ்.டி. விலக்கு கிடைத்தது. வாடகை ஏறாமல் இருக்க அது உதவியிருக்கலாம். குறைந்த சம்பளக்காரருக்குப் புதிதாக ஒரு கட்டிலையும் அது தந்துவிடாது.

அரசுக் கட்டடம் நாலு வருடத்தில் பாழாகிவிடும் என்பதுதான் உண்மையிலேயே கனமான ஆட்சேபம். ஆதிதிராவிடர் நல விடுதிகளின் நிலையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. கட்டுவதற்குக் கோடிகளை ஒதுக்கிவிட்டு, குழாய் மாற்றவும் சமையலருக்குச் சம்பளம் கொடுக்கவும் கணக்குப் பார்ப்பதால் வரும் கேடு அது. விடுதி என்பது நான்கு சுவர் மட்டும் இல்லை. குழந்தைகள் காப்பகம், வாரத்துக்கு ஒருமுறையாவது வரும் செவிலியர், இரவு ஷிப்டு முடியும் நேரத்துக்கு ஒரு பேருந்து எல்லாம் சேர்ந்ததுதான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நள்ளிரவில் பேருந்தே இல்லாத தடத்தில் அந்தச் சலுகையால் பயன் என்ன? விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தனியாரிடம் கேட்கும் தரத்தை அரசு தன் விடுதிகளிலும் காட்ட வேண்டும். ஆய்வறிக்கைகளை வெளியிட வேண்டும். வேலை தேடி வந்து தகரக் கொட்டகைகளில் முடங்கும் வடமாநில இளைஞர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் புதிய விடுதிகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்காமல், அவற்றை ஆண்டுதோறும் நடத்தும் செலவையும் தனித் தலைப்பில் அரசு ஒதுக்கிக் காட்டட்டும்.